கார்பெட் துரையும் ராபின் என்னும் நாயும்

கற்பித்தல் என்பது ஒருவர் கொடுக்க மற்றொருவர் கொள்ளும் தொழில் என்றே பெரும்பாலோர் எண்ணுவர். நன்கு கற்பித்தோர் வரலாறுகளை ஆராயின், அவர்கள் தம் மாணாக்கரிடமிருந்து தாமும் சிலவற்றைக் கற்றுக்கொண்டனர் என்பது புலனாகும். மாணாக்கன் மனிதனாயினும் வாயில்லாப் பிராணியாயினும் இவ்வுண்மை ஒக்கும். துப்பாக்கியேந்திக் காடு புகுவார்க்குத் துணையாக நாய்க்குட்டிகளைப் பழக்கும் தொழிலில் இது தெளிவாக விளங்குகின்றது. அத்தொழிலைத் தாமே செய்து காட்டியவருள் நம் நாட்டினர் பெரிதும் அறிந்தவர், ஜிம் கார்பெட் எனப் புகழ்பெற்ற எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் என்பார். மனிதரைத் தின்னும் புலிகளை அவர் வீழ்த்திய வரலாற்றைப் பலரும் அறிவர். மெலிந்த குட்டியொன்றை அவர் பழக்கிய வரலாற்றை அறிந்தோர் சிலரே. அதனையே ஈண்டு யாம் கூறப் புகுகின்றோம்.

வேட்டை நாயும் துப்பாக்கி நாயும்

தமிழர்க்கு வேட்டை நாய் புதியதன்று. பழந்தமிழ்ப் பாட்டுக்களில் வேட்டுவர் நாயோடு தோன்றுவர். ஞமலி என்றும் ஞாளி என்றும் அதற்குப் பெயர் பல. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்னும் நாட்டினங்களின் பெருமையை இன்றும் பேசுகின்றோம். எம் அந்தியூர்ப் பக்கத்தில் பர்கூர் மலையடிவாரத்துப் பட்டிகளில் ஆடு காப்பதும் நாயே. இரவில் சிறுத்தைக்கு முதலில் இரையாவதும் பெரும்பாலும் அதுவே. ஆடித் திங்களில் குருநாதசுவாமி திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் குதிரையும் மாடும் கொள்வோர், அப்பிராணியின் நிறத்தைப் பார்ப்பதோடு நில்லார். அது சொற்கேட்குமா, மிரளுமா என்பதையும் நடத்திப் பார்த்தே விலை பேசுவர். பழக்கத்தின் அருமை எம்மூரார்க்கு அவ்வாறு தெரியும்.

ஆயின் நம் நாட்டு வேட்டை நாய்க்கும் மேனாட்டார் துப்பாக்கி நாய்க்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. முயலையோ பன்றியையோ கண்டு துரத்திப் பிடிப்பது முன்னதன் தொழில். பின்னதோ பிடிக்கக் கூடாது. மோப்பத்தால் பறவை இருக்கும் இடத்தை அறிந்து காட்டுதல், சொன்னபின் அதனைக் கிளப்புதல், வெடி தீர்ந்த பின் வீழ்ந்ததைத் தேடி எடுத்து வந்து கையில் கொடுத்தல் என்னும் இவையே அதன் கடமை. பறவை உள்ள திசை நோக்கி அசையாமல் நிற்பது பாயின்டர்; புதருட் புகுந்து கிளப்புவது ஸ்பானியல்; வீழ்ந்ததைக் கொணர்வது ரிட்ரீவர். எடுத்து வருங்கால் பல் பதியாமல் மெல்லக் கவ்வ வேண்டும். பசியும் ஆசையும் உள்ள ஒரு பிராணி, தன் வாயில் இருக்கும் இறைச்சியைச் சிதைக்காமல் பிறர்க்குக் கொண்டுவந்து கொடுக்கின்றதென்றால், அப்பழக்கத்தின் அருமையை என்னென்பது!

இத்தகைய குட்டிக்கு முதற்பாடம் தன் பெயரை அறிதல். அழைத்தால் வருதல், இருவென்றால் இருத்தல், காலடியில் நடத்தல், சீழ்க்கைக்குப் பணிதல் என்பன அடுத்தடுத்து வரும். பின்னர்த் துணிப்பொதியை எறிந்து எடுத்து வரச் செய்வர். வெடியோசையைத் தொலைவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக அண்மையில் கேட்பிப்பர். காதருகே திடீரென வெடித்தால் குட்டி வெருண்டுவிடும். அவ்வெருட்சி வாழ்நாள் முழுதும் நீங்காமற் போதலும் உண்டு. அழைப்புக்குத் திரும்பிவந்த நாயை அடித்தலும் ஆகாது. ஓடியதற்காக அடித்தோம் என நாம் நினைப்போம். வந்ததற்காக அடிபட்டோம் என்றே அது கொள்ளும். ஆங்கிலேயர் பண்டைக்காலத்தில் இப்பழக்குதலை உடைத்தல் என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். சாட்டையே ஆசானாயிருந்தது. 1848-இல் ஹட்சின்சன் என்னும் படைத்தலைவர் எழுதிய நூல், அடியினும் பொறுமையே சிறந்தது என்பதை வலியுறுத்திற்று. உடைத்தற்கும் வளர்த்தற்கும் உள்ள இவ்வேறுபாட்டை உள்ளத்திற் கொண்டே கார்பெட்டின் வரலாற்றைக் காண்பது நன்று.

பிறப்பும் இளமையும்

கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள நைனிதால் நகரிற் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து அஞ்சல் நிலையத் தலைவர். மக்கள் பலருள்ள அக்குடும்பம் கோடையில் நைனிதாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கியிலும் வாழ்ந்தது. 1881-இல் தந்தையார் காலமானார். தாயார் மேரி ஜேன் அம்மையார் மிகுந்த சிக்கனத்தோடு மக்களை வளர்த்தார்.

காலாதுங்கிக் காடே சிறுவர்க்குப் பள்ளியாயிற்று. பறவைகளின் குரல்களையும் விலங்குகளின் அடிச்சுவடுகளையும் அவர் அங்கே கற்றார். குன்வர் சிங் என்னும் கிராமத் தலைவர், களவு வேட்டையில் வல்லவர், காட்டில் நடக்கும் முறைகளைச் சிறுவர்க்குக் காட்டினார். பறவைகளைத் திரட்டிவந்த உறவினர் ஒருவர் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியொன்றை அவர்க்குக் கொடுத்தார். குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் வகையைச் சேர்ந்த அதில் ஒரு குழல் பிளந்திருந்தது. கட்டை பித்தளைக் கம்பியாற் கட்டப்பட்டிருந்தது. அதனைத் தூக்கிச் சென்ற சிறுவர்க்குத் துணை, ஸ்பானியல் இனமும் பாயின்டர் இனமும் கலந்து பிறந்த மேகாக் என்னும் நாய். அதற்கும் முன்னே, ஆறு வயதுக் கார்பெட்டும் நான்கு வயதுத் தம்பியும் சினங்கொண்ட பெண்கரடியொன்றின் முன் அகப்பட்டபோது, வீட்டு நாயொன்று இடைபுகுந்து இருவரையும் காத்தது. கோலி என்னும் மேய்ப்பு நாயினத்தைச் சேர்ந்த அதன் பெயர் ராபின். இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்க.

தொழிலும் புகழும்

இருபது வயது நிரம்புமுன்னரே கார்பெட் இரயில்வேத் தொழிலிற் புகுந்தார். பின்னர்க் கங்கைக் கரையிலுள்ள மொகாமே காட் என்னுமிடத்தில் சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராகி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கூலியாட்களோடு கூடி உழைத்தார். முதல் உலகப்போரில், 1917-இல், குமாவுன் மலைவாசிகள் 500 பேரடங்கிய தொழிற்படையைப் பிரான்சு நாட்டுக்கு நடத்திச் சென்றார்.

இதற்கிடையே அவர் புகழ் வேறொரு வழியிற் பரவிற்று. நேபாளத்திலும் குமாவுனிலும் 436 மனிதரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் அவர் வீழ்த்தினார். 400 பேரைக் கொன்றதெனப்பட்ட பனார்ச் சிறுத்தை 1910-இலும், 125 பேரைக் கொன்ற உருத்திரப்பிரயாகைச் சிறுத்தை 1926-இலும் அவர் கையால் மடிந்தன. அரசினர் அறிவித்த பரிசுத்தொகைகளை நீக்கிவிட வேண்டும் என்பதும், வேறு வேட்டைக்காரர் அப்பகுதியினின்று விலக வேண்டும் என்பதும் அவர் விதித்த நிபந்தனைகள். பணத்துக்காகக் கொல்பவர் எனப் பெயரெடுக்க அவர் விரும்பினாரல்லர். ஆயினும் அவரைக் குற்றமற்ற முனிவராகக் காட்டுதல் எம் நோக்கமன்று. விளையாட்டு வேட்டையிலும் அவர் ஈடுபட்டவரே. அரசப்பிரதிநிதிகளின் வேட்டைகளுக்கும் ஏற்பாடு செய்தவரே. இதனை மறைத்துக் கூறின் பின்வருவதன் பொருள் விளங்காது.

கூடையிற் கண்ட குட்டி

குளிர்மிக்க ஒரு காலைப்பொழுதில் கார்பெட் தம் நண்பரொருவருடன் இருந்தார். அந்நண்பர் பார்வையிடுமாறு, குப்பை கூட்டும் தொழிலாளி ஒருவர் அழுக்கடைந்த கூடையொன்றிலிருந்து ஏழு நாய்க்குட்டிகளைக் கீழே கொட்டினார். கார்பெட்டுக்குக் குட்டி வேண்டியிருக்கவில்லை. ஏழனுள் மிகச் சிறியதும் மிக மெலிந்ததுமான ஒன்று, தன் உடன்பிறந்தவற்றை விட்டு நீங்கி, அவரை ஒருமுறை சுற்றிவந்து, அவர் காலடிகளுக்கிடையே சுருண்டு படுத்துக்கொண்டது. அவர் அதனை எடுத்துத் தம் மேற்சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அதன் நாற்றம் பொறுக்கக் கூடியதாயில்லை. வயது மூன்று திங்களை எட்டிக்கொண்டிருந்தது. தந்தை துப்பாக்கி வேட்டைக்குத் தேர்ந்த நாய் என்று விற்றவர் கூறியதன்றி, குலவரலாறு வேறொன்றும் இல்லை. கொடுத்த விலை பதினைந்து ரூபாய்.

வயிறார உணவும், வெந்நீரும் சோப்பும் அதற்கு முதன்முறையாகக் கிடைத்தன. பிஞ்சா என்றிருந்த பெயரை நீக்கி, தம் உயிர் காத்த பழைய நாயின் நினைவாக ராபின் எனப் பெயரிட்டார். சில வாரங்களில் அதன் உடல் தேறிற்று. பழக்கத்தை இளமையிலேயே தொடங்கல் வேண்டும் என்னும் கொள்கையராதலின், ஒருநாட் காலை அதனை வெளியே அழைத்துச் சென்றார். குட்டியை விட்டுச் சிறிது விலகி நின்று ஓரிரு வெடி தீர்த்து ஓசைக்குப் பழக்குவதே அவர் கருத்து. ஆனால் முட்புதரிலிருந்து பெண்மயிலொன்று எழவே, பின்னால் வந்த குட்டியை மறந்து அதனைச் சுட்டுவிட்டார். சிறகொடிந்த பறவை புதரில் வீழ, ராபினும் உள்ளே பாய்ந்தது. அவர் மறுபுறம் ஓடிச்சென்று பார்த்தபோது, மயில் காட்டை நோக்கி ஓட, குட்டி அதன் வாலைக் கவ்வியவாறு தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. மயில் உதைத்ததில் குட்டி தலைகுப்புற விழுந்து மீண்டும் எழுந்தது. நூல்கள் கூறும் ஒழுங்கெல்லாம் அன்று பிறழ்ந்தது. நல்வினைப் பயனாகக் குட்டி வெருளவில்லை. மேலும் பெரியவற்றை உடனே கொடுத்து அதனைக் கெடுத்துவிடாமல், அப்பருவம் முடியும்வரை காடை, புறா, கௌதாரி போன்ற சிறு பறவைகளை எடுத்து வருவதோடு பாடத்தை நிறுத்திக்கொண்டார். அவ்வடக்கத்திலேதான் ஆசிரியத்திறம் உளது.

மயில் 1963-இல் நம் நாட்டின் தேசியப் பறவையாயிற்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வேட்டையாடுதல் குற்றமாகும். கார்பெட்டின் காலத்து வழக்கம் வேறு என்பதை இங்கே குறிப்பிடுதல் கடன்.

மந்தியும் சிறுத்தையும்

கோடையை மலைமேற் கழித்துவிட்டு, நவம்பரில் அவர்கள் அடிவாரத்துக்கு இறங்கினர். பதினைந்து கல் நடையின் முடிவில், பாதையின் வளைவொன்றில், மந்திக் கூட்டத்தினின்று ஒன்று ராபினின் மூக்குக்கு முன்னே குறுக்கே பாய்ந்தது. கார்பெட் சீழ்க்கையடித்தும் கேளாமல் ராபின் அதனைத் துரத்திச் சரிவில் ஓடிற்று. அங்கே சிறுத்தையொன்று கிளம்பி நாயைத் துரத்தத் தொடங்கியது. மேலிருந்து கார்பெட் செய்யக்கூடியது யாதும் இல்லை. ராபின் எப்படியோ தப்பி மீண்டது. மந்தியைத் துரத்தல் ஆபத்து என்பது ஒரு பாடம். மந்தி எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் அருகே சிறுத்தை உண்டு என்பது மற்றொரு பாடம். சீழ்க்கையால் கற்பிக்க இயலாததைக் காடு ஒரே நாளிற் கற்பித்தது.

பழக்கம் மீண்டும் தொடங்கியபோது கவலைக்குரிய செய்தியொன்று தெரியவந்தது. சிறு உழைப்புக்கும் ராபின் மயங்கி விழலாயிற்று. குட்டிப்பருவத்துப் பட்டினி அதன் இருதயத்தைத் தாக்கியிருந்தது. பறவை வேட்டைக்கு இடையறாத ஓட்டம் வேண்டும். அவ்வோட்டம் அதற்கு இனி ஆகாது. பதினைந்து ரூபாயோடு போயிற்றென்று வேறொரு நாயை வாங்குதல் எளிது. பிறர் பலர் அவ்வாறே செய்திருப்பர். தலைவர் துப்பாக்கியோடு புறப்படும்போது வீட்டில் விடப்படும் நாயின் துயரத்தை அறிந்த கார்பெட், மாணாக்கனை விடாமல் பாடத்தை மாற்றினார். ஓட்டம் வேண்டாத, மோப்பமும் அமைதியும் மட்டுமே வேண்டும் பெருவிலங்கு வேட்டைக்கு அதனை உடனழைத்துச் செல்லலானார்.

முன்செல்வது யார்

அவர்கள் வகுத்துக்கொண்ட முறை எளியது. விடியற்காலையில் புறப்பட்டுப் புலி அல்லது சிறுத்தையின் அடிச்சுவட்டைக் கண்டு பின்தொடர்வர். மணலிலும் புழுதியிலும் சுவடு தெரியுமளவும் கார்பெட் முன்செல்வார். விலங்கு புதர்க்காட்டினுட் புகுந்து சுவடு மறைந்தவுடன் ராபின் முன்செல்லும், அவர் பின்செல்வார். கண்ணுக்கு எட்டும் நிலத்தில் மனிதன் ஆசான். கண்ணுக்கு எட்டா நிலத்தில் நாயே ஆசான். இவ்வாறு சில வேளைகளில் கல் கணக்கில் தொடர்ந்து சென்று விலங்கைக் கண்டனர். நாயின் மூக்கு கூறுவதை நம்பாமல் தம் எண்ணத்தின்படி அடியெடுத்து வைப்பவர் இத்தொழிலில் நெடுங்காலம் வாழார். குமாவுன் காடுகளில் தனிமையாய்த் திரிந்த அவ்வீரர், தம் உயிரைத் தம்மால் வளர்க்கப்பட்ட ஒரு நாயின் சொல்லற்ற சொல்லில் ஒப்புவித்தார்.

அவ்வன்பு சோதனைக்குட்பட்ட நாளும் ஒன்று வந்தது. சுடப்பட்டும் இறவாத சிறுத்தையொன்றை இருவரும் தேடிச் சென்றபோது, அது திடீரெனக் கர்ச்சித்து அவர்கள்மேற் பாய்ந்தது. அதுவரையிலும் ஒருநாளும் பிரியாத ராபின் அன்று அச்சத்தால் ஓடிப்போயிற்று. பிறகு இருவரும் மீண்டும் கூடியபோது அதன் வெட்கம் அதன் உடலிலேயே தெரிந்தது. ஆயினும் கார்பெட் அதனைக் கோழையென வெறுத்தாரல்லர். அவ்வளவு அருகில் எழுந்த கர்ச்சனையைக் கேட்டு எவ்வுயிர் அஞ்சாது நிற்கும் என்பதை அவர் அறிவார். மீண்டும் அதனை நம்பி உடன் அழைத்துச் சென்றார்; ராபினும் மீண்டும் முன்சென்றது. ஒருமுறை தவறியவனை அதன்பின்னும் நம்புவதே பயிற்சியின் அரிய பகுதியென்று எமக்குத் தோன்றுகின்றது. சாட்டையால் பழகிய நாய் அன்றே முற்றும் கெட்டிருக்கும்.

துப்பாக்கியினின்று காவலுக்கு

ஆண்டுகள் செல்லச்செல்லக் கார்பெட்டின் உள்ளம் கொல்வதினின்று காப்பதற்குத் திரும்பிற்று. வனவதிகாரி சாம்பியன் என்பவர் காட்டில் புலிகளைப் புகைப்படம் எடுத்து 1927-இல் நூல் வெளியிட்டிருந்தார். அவர் வழியைப் பின்பற்றிக் கார்பெட்டும் படக்கருவியைக் கையிலேந்தினார். காலடியோசையின்றி நடத்தலும், காற்று வீசும் திசையறிதலும், அசையாது காத்திருத்தலும் துப்பாக்கிக்குப் போலவே அதற்கும் வேண்டியவை. 1936-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லியின் பெயரால் ஏற்பட்டதற்கு அவர் பெரிதும் துணைநின்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பர்மாவுக்குச் செல்லும் வீரர்க்குக் காட்டில் பிழைக்கும் வழிகளைக் கற்பித்தார். 1944-இல் லெப்டினன்ட் கர்னல் பதவி பெற்றார்.

அவ்வாண்டிலேயே குமாவுன் புலிகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அதன் வருவாயில் ஒரு பகுதி போரிற் கண்ணிழந்த வீரர்க்குச் சென்றது. புலிகளின் பெயரால் அமைந்த அந்நூலில் ராபினுக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. அதனை அவர் எழுதியபோது ராபினுக்குப் பதின்மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது. இந்தியாவின் பொன்னெல்லாம் கொடுத்தாலும் விற்பதற்கில்லை என்னும் கருத்துப்படப் பேசியுள்ளார். நூல் அச்சேறுமுன் ராபின் மாண்டது. மறுமையில் அது தமக்காகக் காத்திருக்கும் என்னும் நம்பிக்கையையும் அவர் வெளியிட்டார். அதன் கல்லறை காலாதுங்கி இல்லத்தின் தோட்டத்தில் இன்றும் உளது.

1947-இல் கார்பெட் தம் தமக்கையார் மாகியுடன் கென்யா நாட்டுக்குச் சென்று நியேரி என்னும் ஊரில் வாழ்ந்தார். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் அங்கேயே காலமாகி, திருச்சபைக் கல்லறையில் அடக்கம் செய்யப்பெற்றார். பின்னர் அப்பூங்கா அவர் பெயரைப் பெற்றது. 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பெற்றதும் அப்பூங்காவிலேயே.

நாம் கொள்ளத்தக்கது

துப்பாக்கி நாயின் காலம் நம் நாட்டில் முடிந்துவிட்டது எனலாம். நாயைப் பழக்கும் கலை முடியவில்லை. 2008-ஆம் ஆண்டு முதல் மோப்ப நாய்களைப் பழக்கி, புலித்தோலையும் துப்பாக்கியையும் மறைத்துச் செல்வோரைக் கண்டுபிடிக்க வனத்துறைகளுக்கு அளித்து வருகின்றனர். முன்பு விலங்கைத் தேடிய மூக்கு இன்று விலங்கைக் கொல்வோனைத் தேடுகின்றது. எம் பர்கூர் மலைக்காடுகளிலும், அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் ஏறத்தாழ 80,000 எக்டர் பரப்பு 2024-இல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. காட்டின் ஓரத்தில் வாழும் எம்மனோர்க்கு, புலியினிடத்து அச்சமும் அதனைக் காக்கும் கடமையும் ஒருங்கே வாய்த்துள்ளன. அவ்விரண்டையும் ஓருள்ளத்தில் தாங்கி வாழ்ந்தவர் கார்பெட்.

ஐசுவரியவானின் வாசலிற் கிடந்த லாசருவை மனிதர் கவனியாதபோது அவன் புண்களை நக்கியவை நாய்களே என்று சுவிசேஷத்திற் படிக்கின்றோம். கூடையில் மிகச் சிறியதாயும் மெலிந்ததாயும் இருந்த குட்டி, தன்னை ஏற்றுக்கொண்டவரை அடர்ந்த காட்டினூடே வழிநடத்திற்று. கல்லூரியில் நம்மோடு பயில்வாருள்ளும் பட்டினியாலும் வறுமையாலும் மெலிந்து வருவோர் உளர். ஒரு பாடத்தில் தளர்ந்தவரைத் தகுதியற்றவரெனத் தள்ளாது, அவர்க்கு ஏற்ற பாடம் யாதெனத் தேடுவார் வேண்டும். இன்று நம் பின்னே வருவோர், நமக்கு வழி தெரியாத இடத்தில் நம்மை முன்னின்று நடத்தவும் கூடும். அப்பொழுது பின்செல்லும் பணிவும் நமக்கு வாய்ப்பதாக.